பொரித்த எண்ணெயும் நொதியமும்

1900 ஆம் ஆண்டிலே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிகழ்ச்சிகள் நிகழ்ந்தன. பரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஒற்றோ நிறுவனத்தார் வைத்திருந்த சிறிய டீசல் எந்திரமொன்று, பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பப்படி நிலக்கடலை எண்ணெயினால் ஓடியது. கனிய எண்ணெய்க்கென அமைந்த எந்திரம் அது; அதில் யாதொரு மாற்றமும் செய்யப்படவில்லை. அது செவ்வனே ஓடியமையால், எண்ணெய் மாறியதைப் பார்வையாளருட் சிலரே உணர்ந்தனர் என்று, அவ்வகை எந்திரத்தை ஆக்கிய றுடோல்வ் டீசல் 1912 இல் எழுதினார். அதே 1900 இல், அமெரிக்காவிலே காஸ்ல், லோவன்ஹாட் என்னும் இரசாயனர் இருவர், சதையியிலிருந்து பெற்ற நொதியமொன்றைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கொழுப்பைப் பிளப்பதே அந்நொதியத்தின் தொழில் என்று அதுவரை கருதப்பட்டது. அமிலத்தையும் அற்ககோலையும் இணைத்து எசுத்தர் என்னும் பொருளை ஆக்கவும் அது வல்லது என அவர்கள் காட்டினர்.

தாவர எண்ணெயால் எந்திரம் ஓடும். நொதியத்தால் எசுத்தர் உண்டாகும். இவ்விரு செய்திகளும் ஒரே பாத்திரத்திற் சந்திப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

கொழுப்பின் அமைப்பை முதன்முதல் தெளிவாக்கியவர் பிரெஞ்சு இரசாயனரான செவ்ரெல் ஆவார். கொழுப்பும் எண்ணெயும் கொழுப்பமிலங்களும் கிளிசரோலும் இணைந்தவை என்பதை அவர் 1823 இல் வெளியிட்ட நூலிலே நிறுவினார். அக்கொழுப்பு உடலினுள்ளே எங்ஙனம் பிளவுறுகின்றது என்பதைக் கண்டவர் அவர் நாட்டினரான குளோட் பேர்னாட். அவருக்குத் துணை நின்றது முயல். முயலின் குடலில் பித்தநீர் வந்து சேரும் இடத்துக்கும் சதையிச் சாறு வந்து சேரும் இடத்துக்கும் இடையே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவு உண்டு. கொழுப்புணவு உண்ட முயலை அறுத்துப் பார்த்தபோது, பித்தநீர் சேரும் இடத்திற் குடலைச் சூழ்ந்த நுண்குழாய்கள் நிறமற்றே இருந்தன. சதையிச் சாறு சேர்ந்த இடத்துக்குக் கீழேதான் அவை பால்போல் வெளுத்திருந்தன. ஆகவே கொழுப்பைச் செரிக்கச் செய்வது சதையிச் சாறே என அவர் துணிந்தார். இயற்கை தானே ஒழுங்குசெய்து வைத்திருந்த பரிசோதனை அது. அதனைக் கண்டுகொள்ளும் கண் பேர்னாட்டுக்கு இருந்தது. அச்சாற்றிலுள்ள நொதியமே பிற்காலத்தில் இலிப்பேசு எனப் பெயர் பெற்றது.

விலங்குடலில் மட்டுமன்றி வித்துக்களிலும் அது உண்டு. முளைக்கும் ஆமணக்கு வித்திலே அத்தகைய நொதியம் இருப்பதை 1890 இல் கிறீன் என்னும் ஆங்கிலேயர் கண்டார். 1902 இல் ஜெர்மனியிலே கொன்ஸ்ரைன் முதலானோர், அரைத்த ஆமணக்கு வித்தைக் கொண்டே எண்ணெயைப் பிளந்து, சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் வேண்டிய கொழுப்பமிலங்களைப் பெறலாம் எனக் காட்டினர். நொதியத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துதல் அண்மைக்காலப் புதுமை என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி எந்திரத்தின் கதை. டீசல் 1913 இல் கடலைக் கடக்கும்போது கப்பலிலிருந்து மறைந்துபோனார். தாவர எண்ணெயை அப்படியே எரிப்பதில் உள்ள இடர் அவருக்குப் பின்னரே நன்கு வெளிப்பட்டது. அதன் தடிப்பு டீசல் எண்ணெயின் தடிப்பினும் பத்து மடங்குக்கு மேற்பட்டது; நாளடைவில் எந்திரத்தினுள்ளே கரி படிந்துவிடும். இதற்கு வழி கண்டவர் பிரசெல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான். எண்ணெயிலுள்ள கிளிசரோலை நீக்கி, அதனிடத்தில் எளிய அற்ககோலைச் சேர்த்தால், தடித்த எண்ணெய் இளகிய எசுத்தராக மாறும். இம்முறைக்கு அவர் 1937 இல் பெல்ஜியத்திற் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலே, பாமெண்ணெயிலிருந்து செய்த எசுத்தரைக் கொண்டு பிரசெல்ஸுக்கும் லூவேன் நகருக்கும் இடையே பயணிகள் பேருந்தொன்று ஓடியது. அந்நாளிற் கொங்கோ பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தது. பாமெண்ணெய் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. போருக்குப்பின் கனிய எண்ணெய் மலிவாகக் கிடைத்தமையால் எல்லாம் மறக்கப்பட்டன. 1973 இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்த பின்னரே அம்முறை மீண்டும் நினைவுக்கு வந்தது.

அம்முறையில் ஊக்கியாகப் பயன்பட்டது காரம். புதிய எண்ணெயோடு மெதனோலையும் சிறிது காரத்தையும் சேர்த்து 60 பாகை வெப்பத்திற் கலக்கினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் உண்ணத்தக்க எண்ணெயை எரிப்பது விலையாலும் தகாது, அறத்தாலும் தகாது. ஆதலின் பொரித்துக் கழித்த எண்ணெயின்மேற் பலருடைய கவனமும் சென்றது. யப்பானிலே கியோத்தோ மாநகர சபை, வீடுகளிலிருந்து சேர்த்த பொரித்த எண்ணெயை எரிபொருளாக்கி, 1997 முதல் தன் குப்பை வண்டிகளை ஓட்டியது. ஆஸ்திரியாவில் கிறாஸ் நகரத்துப் பேருந்துகளும் அத்தகைய எரிபொருளால் ஓடின.

ஆயினும் காரத்துக்கும் பொரித்த எண்ணெய்க்கும் இயல்பாகவே பகை. வடையும் முறுக்கும் பலமுறை பொரித்த தாச்சியில் எஞ்சும் எண்ணெய், உணவின் நீராலும் வெப்பத்தாலும் ஓரளவு பிளந்து, தனித்த கொழுப்பமிலங்களைக் கொண்டிருக்கும். காரம் அவ்வமிலத்தைக் கண்டவுடன் அதனோடு சேர்ந்து சவர்க்காரமாகும். ஊக்கி வீணாகும், நுரை பொங்கும், எரிபொருளும் கிளிசரோலும் பிரியாது குழம்பி நிற்கும். எண்ணெய் எவ்வளவு மலிவோ அவ்வளவுக்கு இவ்விடர் மிகும். நொதியத்துக்கோ இந்த வேறுபாடு இல்லை. கொழுப்பையும் தனித்த அமிலத்தையும் அது ஒருங்கே எசுத்தராக்கும். 30 அல்லது 40 பாகை வெப்பமே அதற்குப் போதும்.

அங்ஙனமாயின் அதனை ஏன் முன்னரே பயன்படுத்தவில்லை? நொதியம் நீரில் வேலை செய்வது; நீர் மிகுந்தாலோ, இணைந்தது மீண்டும் பிளந்துபோகும். நீர் மிகக் குறைந்த சூழலிலும் அது செயற்படும் என்பதை 1984 இல் அமெரிக்காவிலே சக்ஸ், கிளிபனோவ் என்போர் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது பன்றிச் சதையியின் இலிப்பேசு. உலர்ந்த நிலையில் அது 100 பாகை வெப்பத்தையும் மணிக்கணக்காகத் தாங்கியது. 1990 இல் கிறாஸ் பல்கலைக்கழகத்து மிற்றல்பாக், சூரியகாந்தி எண்ணெயை இலிப்பேசின் துணையால் எசுத்தராக்கிய ஆய்வை வெளியிட்டார். 1900 ஆம் ஆண்டின் இரு செய்திகளும் ஈற்றிற் சந்தித்தது இங்கேதான்.

எனினும் ஓர் இடையூறு நின்றது. வேண்டிய மெதனோல் முழுவதையும் ஒருங்கே ஊற்றினால், எண்ணெயிற் கரையாது நிற்கும் மெதனோல் நொதியத்தைக் கெடுத்துவிடும். இதற்கு ஒசாக்கா நகராட்சி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சிமடாவும் அவருடன் உழைத்தோரும் 1999 இல் வெளியிட்ட தீர்வு வியக்கத்தக்க எளிமையுடையது: மெதனோலை மூன்று பங்காக்கி, ஒரு பங்கு கரைந்து வினைப்பட்ட பின்னரே அடுத்ததைச் சேர்த்தனர். எசுத்தர் உண்டாக உண்டாக, மெதனோல் அதில் எளிதிற் கரைந்தது. நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் எண்ணெய் மாறியது. சிறு மணிகளிற் பதித்த அதே நொதியம் நூறு நாட்களுக்கு மேல் உழைத்தது. அந்நொதியத்துக்கு மூலமான மதுவமோ அந்தாட்டிக்காவில் வந்தா என்னும் ஏரியின் அடிமண்ணிலிருந்து முதலிற் பெறப்பட்டது. 2001 இல் அக்குழுவினர் பொரித்த எண்ணெயையும் அவ்வாறே மாற்றிக் காட்டினர்.

எஞ்சியது விலை. மணிகளிற் பதித்த நொதியம் விலைமிக்கது. அதனாற் பெருந்தொழிலார் தயங்கினர். இதற்கு வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. துணியிற் படிந்த எண்ணெய்க்கறையை நீக்குவதற்காக, டென்மார்க்கிலே 1988 இல் இலிப்பேசு ஒன்று சலவைத் தூளுக்கென விற்பனைக்கு வந்தது. ஒரு பங்கசுக்குரிய மரபணுவை வேறொரு பங்கசினுட் புகுத்திப் பேரளவில் ஆக்கப்பட்ட நொதியம் அது. காரமுறையைச் சவர்க்காரம் கெடுத்தது. சலவைத் தொழிலோ நொதியமுறைக்கு வாழ்வளித்தது. அவ்வழியில் மலிந்த நொதியத்தை மணிகளிற் பதியாமலே திரவமாக எண்ணெயிற் கலக்கும் முறை உருவாகி, 2014 இல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனம் கழிவெண்ணெய்க்கென அத்தகைய நொதியமொன்றை விற்பனைக்கு விட்டது.

காரம் ஒரு மணி நேரத்திற் செய்வதை இந்நொதியம் செய்து முடிக்க ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். முடிவிலும் நூற்றுக்கு இரண்டு பங்களவு அமிலம் மாறாது எஞ்சும். அவ்வெச்சத்தைக் கழுவி நீக்குவதற்குப் பல ஆலைகளிற் பயன்படுவது, பழைய காரமேயாகும்.