ஓட்டல் அடுப்படிக்குப் போன பிள்ளைகள்



நேற்று தோசை தாமதம் என்று ஒருவர் ஓட்டலில் சத்தம் போட்டார். எனக்கு அந்தக் கால அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. விறகுப் புகை, வழுக்கும் தரை, தட்டு கழுவிக் கழுவி வெளுத்துப்போன பிஞ்சு விரல்கள்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தடைப் பட்டியலில் ஓட்டல் இல்லை! 2006 அக்டோபர் 10 முதல்தான் 14 வயது நிரம்பாதவர்களை ஓட்டல், டீக்கடை வேலைக்கு வைக்கக்கூடாது என்றானது. இடையில் 20 ஆண்டுகள். அதற்குள் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தேனோ!

என் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எச்சில் தட்டு எடுக்க வந்தான். என்னைக் கண்டதும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றான். நான் அவனைக் கூட்டி வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடப்பா.