மேற்பார்வையில் குழந்தைச் சந்திப்பு: மேற்பார்வையாளரின் பயிற்சியும் மனநலச் சிகிச்சை பெறும் பெற்றோரும்

மணமுறிவு அல்லது குழந்தையின் பாதுகாப்புப் பொறுப்பு தொடர்பான வழக்கில், குழந்தை ஒரு பெற்றோரிடம் வளரும்போது, மற்றவர் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில், மூன்றாம் நபர் ஒருவரின் முன்னிலையில் குழந்தையைச் சந்திக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். இதுவே மேற்பார்வைச் சந்திப்பு எனப்படுகிறது. குடும்ப வன்முறை, மதுப்பழக்கம், நீண்ட காலப் பிரிவு, பெற்றோரின் மனநோய் ஆகியவை இத்தகைய உத்தரவுக்குப் பொதுவான காரணங்களாகும். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டத்தின் கீழும், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் கீழும் நீதிமன்றம் முதன்மையாகக் கருதுவது குழந்தையின் நலனையே. எனவே இவ்வுத்தரவைத் தண்டனையாகக் கொள்ள வேண்டியதில்லை.

மனநோய் இருப்பதாலேயே ஒருவர் பெற்றோராக இருக்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. மனநோய் உள்ளது என்று கண்டறியப்பட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கருதக்கூடாது என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

மேற்பார்வையாளர் யார்? அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், ஆலோசகர்களை நியமிக்கவும், மருத்துவ மற்றும் சமூகநல வல்லுநர்களின் உதவியைப் பெறவும் வழி செய்துள்ளது. நடைமுறையில் ஆலோசகரோ, சமூகப் பணியாளரோ, சில வேளைகளில் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட உறவினரோ மேற்பார்வையாளராக அமர்வதுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஊதியம் பெற்று இப்பணி செய்வோர் 24 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தை வளர்ச்சி, குடும்ப வன்முறை, போதைப் பழக்கம், பதிவேடு எழுதுதல், சந்திப்பை எப்போது நிறுத்துவது, குழந்தை வதையைப் புகாரளிக்கும் கடமை ஆகியவை அப்பாடத்திட்டத்தில் அடங்கும். நல்லெண்ணம் மட்டும் இப்பணிக்குப் போதாது. பாசமுள்ள அத்தையோ மாமாவோ அமரும்போது, அவர் ஒரு தரப்பின் உறவினர் என்பதைக் குழந்தை உடனே உணர்ந்துகொள்ளும்.

பயிற்சியின் ஒரு பகுதி எழுதுவதைப் பற்றியது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கலாம். "குழந்தைக்குத் தந்தையைப் பிடிக்கவில்லை" என்று எழுதுவது மேற்பார்வையாளரின் கருத்து. "தந்தை அறைக்குள் வந்ததும் குழந்தை பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள், ஏழு நிமிடங்களுக்குப் பின் அவர் கொண்டுவந்த வண்ணப் பென்சில்களை எடுத்து வரையத் தொடங்கினாள்" என்பது கண்டதைக் கண்டவாறு எழுதுவது. முன்னதைப் படிக்கும் நீதிபதிக்கு ஒரு முடிவு மட்டுமே கிடைக்கும். பின்னதில் அந்த முதல் ஏழு நிமிடங்களும் அதன் பின் நடந்ததும் கிடைக்கும். ஒன்றரை வயதுக் குழந்தை, அதிகம் பழகாத பெற்றோரைக் கண்டு அழுவது அவ்வயதுக்கு இயல்பானது என்பதையும் மேற்பார்வையாளர் அறிந்திருக்க வேண்டும்.

மருந்தின் விளைவுகளைத் தவறாகப் படிக்கும் ஆபத்து

மருத்துவரின் பார்வையில் மிகவும் கவனிக்கப்பட வேண்டிய பகுதி இதுவே. மனச்சிதைவு நோய்க்கு வழங்கப்படும் சில மருந்துகளால் முகத்தசைகள் இறுகி, முகபாவம் குறையலாம், நடை மெதுவாகலாம். இதை அறியாத மேற்பார்வையாளர், "தாய் குழந்தையிடம் பாசம் காட்டவில்லை" என எழுதிவிடக்கூடும். லித்தியம் உட்கொள்பவருக்குக் கை நடுக்கம் ஏற்படலாம். அது குடிப்பழக்கத்தின் அறிகுறியாகக் கருதப்படலாம். மாத்திரையினால் வரும் தூக்கக் கலக்கம் அக்கறையின்மையாகத் தெரியலாம். மாறாக, மது வாடை, நிதானமற்ற நடத்தை, குழந்தையை மிரட்டுதல், மற்ற பெற்றோரைப் பற்றிக் குழந்தையிடம் துருவிக் கேட்டல் ஆகியவை சந்திப்பை இடைநிறுத்தத் தகுந்த காரணங்களாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது பயிற்சியால் மட்டுமே வரும்.

ஆகவே, உட்கொள்ளும் மருந்துகளும் அவற்றின் பக்கவிளைவுகளும் மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நன்று. எதைத் தெரிவிப்பது என்பது நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. பராமரிப்பாளர்கள் அவரது ஒப்புதலின்றி மருத்துவச் சீட்டுகளை எவரிடமும் கொடுக்கக் கூடாது.

வழக்கு நடக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"நோயாளி என்று தெரிந்தால் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள்" என்ற அச்சத்தில் சிலர் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்திய முதல் சில வாரங்களில் சோர்வும் நடுக்கமும் குறைவதால், உடல்நிலை மேம்பட்டதுபோலவே தோன்றும். இதுதான் ஏமாற்றும் காலம். நோய் மீண்டும் தலைதூக்குவது பெரும்பாலும் வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத்தான். அது சந்திப்பு நாளிலேயே கூட நேரலாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்துவது மனவெழுச்சி நிலை திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகிறது. பக்கவிளைவு தொல்லையாக இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ, வேளையை மாற்றவோ, வேறு மருந்து தரவோ இயலும். தவறாமல் சிகிச்சை பெற்றதற்கான வெளிநோயாளர் பதிவுகள் உங்கள் பொறுப்புணர்வுக்குச் சான்றாகவும் அமையும்.

சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் நோயின் தற்போதைய நிலை, உட்கொள்ளும் மருந்து, தொடர் சிகிச்சைக்கு வந்த நாட்கள் ஆகியவற்றைக் குறிப்பிடும் சான்றிதழைக் கேட்கலாம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று எழுதித் தருமாறு அவரை வற்புறுத்த வேண்டாம். அம்மதிப்பீடு நீதிமன்றம் நியமிக்கும் வேறொரு வல்லுநரின் பணி.

தாய் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்தால்

மனநல நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்குத் தீங்கு நேரும் அபாயம் இருந்தால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அம்முடிவு 15 நாட்களுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்பட வேண்டும். பிரிவு ஒரே தொடர்ச்சியாக 30 நாட்களைத் தாண்டினால் உரிய மனநல ஆணையத்தின் ஒப்புதல் தேவை.

குழந்தை ஏதேனும் சொன்னால்

சந்திப்பின்போதோ வீடு திரும்பிய பின்னரோ பாலியல் தொந்தரவு பற்றிக் குழந்தை கூறினால், அமைதியாகக் கேட்டு, அதன் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் கேள்வி கேட்பதும், கைப்பேசியில் பதிவு செய்வதற்காகத் திரும்பச் சொல்ல வைப்பதும் குழந்தையை வதைப்பதோடு உண்மையையும் குழப்பும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி இதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது மேற்பார்வையாளர் உட்பட அனைவரின் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மகளிரும் மாற்றுத்திறனாளிகளும் இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.