தரவுத்தளக் கோப்புச் செறிவாக்கம்

ஒரே கோப்பாக மேசைக் கணினியில் இயங்கும் தரவுத்தளத்தில், அழித்த பதிவுகள் விட்டுச்சென்ற இடத்தை நீக்கி, எஞ்சியவற்றை இடைவெளியின்றித் திரும்ப எழுதும் பணி செறிவாக்கம். பயனர்கள் இதை ‘காம்பாக்ட் செய்வது’ என்பர். ஜிப் கோப்பாக்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே தரவு உருமாறுவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

இதன் வரலாறு டிபேஸிலிருந்து தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப், அங்கு பெருங்கணினியில் இயங்கிய ஜேபிஎல்டிஸ் மென்பொருளைப் பின்பற்றி, 1970களின் இறுதியில் வல்கன் என்ற நிரலை எழுதினார். ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதையே டிபேஸ் 2 என்ற பெயரில் விற்றது. டிபேஸின் டிபிஎஃப் கோப்பின் அமைப்பு மிக எளிது: முன்னால் ஒரு தலைப்பகுதி, பின்னால் ஒரே நீளமுள்ள பதிவுகள். பதிவை அழிக்கச் சொன்னால் டிபேஸ் அதை அழிப்பதில்லை. அதன் முதல் பைட்டில் வெற்றுக்குறி இருந்த இடத்தில் ஓர் உடுக்குறியை இடும், அவ்வளவே. ‘ரீகால்’ கட்டளை அக்குறியை எடுத்துவிட்டால் பதிவு மறுபடி உயிர்பெறும். ‘பேக்’ கட்டளைதான் உண்மையான அழிப்பு. அதன்பின் ரீகாலுக்கு வேலையில்லை. தவறாக அழித்ததை உணர அவகாசம் தந்த இந்த இரண்டு படி முறை, பின்வந்த பல அமைப்புகளுடையதைவிட மேலான ஏற்பாடு.

பேக் செய்யும்போது கோப்பு ஒருவரிடம் மட்டுமே திறந்திருக்க வேண்டும். டிபேஸ் வழிவந்த ஃபாக்ஸ்ப்ரோவில் இக்கட்டளை உயிருள்ள பதிவுகளைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதை நீக்கி, புதியதற்கு அதன் பெயரை இடும். தலைப்பகுதியில் பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்த எண்ணுக்கும் கோப்பின் நீளத்துக்கும் பொருத்தம் போய்விடும். ஃபாக்ஸ்ப்ரோ காலத்துச் சிதைவுகளில் இவ்வகை பழக்கமான ஒன்று.

1992 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், அட்டவணை, சுட்டெண், படிவம், அறிக்கை அனைத்தையும் ஒரே எம்டிபி கோப்புக்குள் வைத்தது. அதன் ஜெட் இயந்திரம் கோப்பை 2 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்தது. ஆக்சஸ் 2000 உடன் வந்த ஜெட் 4.0 இல் பக்கம் 4 கிலோபைட் ஆயிற்று. கோப்பின் உச்சவரம்பு 1 கிகாபைட்டிலிருந்து 2 கிகாபைட்டானது. ஆக்சஸ் 97 வரை தனித்தனியாக இருந்த செறிவாக்கமும் பழுதுநீக்கமும் இப்பதிப்பில் ஒரே கட்டளையாயின. அழித்த பதிவின் இடத்தை ஜெட் தானாக வட்டுக்குத் திருப்பித் தருவதில்லை. தற்காலிக அட்டவணைகளை உருவாக்கி அழிக்கும் செயலிகளில் கோப்பு விரைவாக ஊதும். செறிவாக்கத்தின்போது இயந்திரம் புதிய கோப்பைத் தொடங்கி, பதிவுகளை முதன்மைத் திறவின் வரிசையில் எழுதி, சுட்டெண்களைப் புதிதாகக் கட்டுகிறது. அட்டவணைப் புள்ளிவிவரங்களும் புதுப்பிக்கப்படுகின்றன.

ஜெட் எளிதில் சிதையும் என்ற பழியில் பெரும்பகுதி வலையமைப்பைச் சேரவேண்டியது. ஜெட்டில் வழங்கி நிரல் எதுவும் இல்லை. ஒவ்வொருவரின் கணினியும் பகிர்வுக் கோப்பின் பக்கங்களை நேரடியாக எழுதுகிறது. பாதிப் பக்கம் எழுதியபோது இணைப்பு அறுந்தால் பழுது அங்கேயே தங்கிவிடும். கம்பியற்ற இணைப்பு இதற்கு ஏற்றதன்று. 2018இல் வந்த விண்டோஸ் 10 இன் 1803 பதிப்புக்குப்பின் பகிர்வுக் கோப்புகள் ‘சீரற்ற நிலையில்’ இருப்பதாகப் பிழைச்செய்தி காட்டியதற்கும் கோப்புப் பகிர்வு முறையே காரணம்.

செறிவாக்கம் காப்புநகல் ஆகாது. பழுதுநீக்கம் தனக்குப் புரியாத பதிவுகளைக் கைவிடக்கூடும். ஆகவே நகல் எடுத்துவைக்காத கோப்பில் அதை ஒருபோதும் செய்யலாகாது. முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். எல்டிபி பூட்டுக்கோப்பு (புதிய வடிவில் எல்ஏசிசிடிபி) மறைந்ததா என்று பார்க்க வேண்டும். பூட்டுக்கோப்பு இன்னும் நின்றால் யாரோ உள்ளே இருக்கிறார், அல்லது யாருடைய கணினியோ முறையாக மூடப்படவில்லை. பிறகு கோப்பை உள்வட்டுக்கு நகலெடுத்து, மூலத்தைத் தேதியிட்ட பெயரில் ஒதுக்கிவைத்து, நகலை வேறொரு பெயருக்குச் செறிவாக்க வேண்டும். முக்கிய அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒத்திருந்தால்தான் புதிய கோப்பைப் பழைய இடத்தில் வைக்கலாம். மூடும்போது தானாகச் செறிவாக்கும் விருப்பத்தைப் பகிர்வுக் கோப்புகளில் அணைத்து வைப்பதே சரி. அட்டவணைகளைப் பின்புறக் கோப்பிலும் படிவங்களை ஒவ்வொருவர் கணினியிலுள்ள முன்புறக் கோப்பிலும் பிரித்து வைத்தால், படிவக் கோப்பு கெட்டாலும் தரவு தப்பும்.

ஆக்சஸ் 2007 முதல் ஏசிசிடிபி வடிவம் வழக்கில் உள்ளது. 2 கிகாபைட் வரம்பு அப்படியே நீடிக்கிறது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இதே பணியை ‘வேக்யூம்’ கட்டளை செய்கிறது; 2019 முதல் ‘வேக்யூம் இன்டூ’ மூலம் மூலக்கோப்பைத் தொடாமல் செறிவான நகலைத் தனியாக எழுதலாம்.