நூறு யூனிட் இலவச மின்சாரம் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் முதல் 100 யூனிட்டை அரசே ஏற்கும் திட்டம். 2016 மே 23 அன்று மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா, இதற்கான கோப்பில் கையெழுத்திட்டார். விண்ணப்பமோ வருமானச் சான்றோ தேவையில்லை. ரீடிங் எடுத்ததும் பில்லிலேயே கழிந்துவிடும்.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோதும் இச்சலுகை நீடித்தது. 2025 ஜூலை உயர்வில் வீடுகளுக்கான சுமையை அரசே ஏற்றது.

நெசவாளர் பங்கு தனி: 2023இல் கைத்தறிக்கு 200 யூனிட் 300ஆகவும், விசைத்தறிக்கு 750 யூனிட் 1,000ஆகவும் கூட்டப்பட்டது.

குறையும் உண்டு. 2022 கட்டணப்படி பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய் என்ற விகிதம் 4.50 ஆகும். கோடையில் ஒரே யூனிட் கூடியதற்காக இருநூறு ரூபாய்க்கு மேல் அதிகம் கட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்கு நியாயமல்ல.