கட்டைவிரலும் மணிக்கட்டும்: அம்பு விடும் நெறிகளின் வரலாறு

வில்லாண்மை என்பது மூன்று தொழில்களின் கூட்டம். அம்பை நாணிலே தொடுத்தல் ஒன்று. நாணைக் காதளவும் வாங்குதல் மற்றொன்று. வாங்கிய நாணை விடுதல் மூன்றாவது. காவியங்களைப் படிப்போர் முதலிரண்டையும் கண்டு வியந்து நிற்பர். வில்லின் பருமையையும் வீரனின் தோள்வலியையும் பாடிய புலவர் பலர். நாணை விட்ட விரலைப் பாடியவர் சிலரே. ஆயினும் அம்பு இலக்கிற் பாய்வதும் இலக்குத் தப்புவதும் பெரும்பாலும் அந்த மூன்றாவது தொழிலிலேயே தங்கியுள்ளன. விடும்போது விரல் ஒரு நெல்லளவு பிசகினால், அம்பு போய்ச் சேருமிடத்தில் அப்பிசகு முழக்கணக்கில் வளர்ந்துவிடும்.

மேனாடுகளில் வில் வேட்டையாடுவோரிடையே இன்று ஓயாத விவாதம் ஒன்று நடந்து வருகிறது. கையிற் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தும் விடுகருவி சிறந்ததா, மணிக்கட்டில் வாரால் பிணித்துச் சுட்டுவிரலால் இயக்கும் விடுகருவி சிறந்ததா என்பதே அது. இது ஏதோ கடைச்சரக்கைப் பற்றிய பேச்சென்று சிலர் எண்ணக்கூடும். சரித்திரக் கண்கொண்டு நோக்குமிடத்து, வில்லெடுத்த மக்கள் மூவாயிரம் ஆண்டுகளாக விடை தேடிவந்த பழைய வினாவே இங்கு புதிய உடை தரித்து நிற்பதைக் காணலாம். அவ்வினாவின் வழியே சென்றால் மகாபாரதத்தின் ஒரு வனத்தையும் அடைவோம். எமது மட்டக்களப்பு வாவிக்கு அப்பாலுள்ள காடுகளையும் அடைவோம்.

விரல்கள் வகுத்த நெறிகள்

நாணை விடும் முறைகளை முதன்முதலாக ஒழுங்குபடுத்தி ஆராய்ந்தவர் எட்வேட் மோர்ஸ் என்னும் அமெரிக்கர். விலங்கியல் அறிஞரான அவர் ஜப்பானிற் கற்பித்த காலத்தில், அந்நாட்டவர் அம்பு விடும் வகை தம் நாட்டு வகைக்கு முற்றும் மாறாயிருத்தலைக் கண்டார். அக்கண்டுபிடிப்பின் பயனாக 1885இல் அவர் வெளியிட்ட நூல் ஐந்து நெறிகளை வகுத்துக் காட்டியது.

அவற்றுள் மிக எளியது, அம்பின் அடியைக் கட்டைவிரலுக்கும் மடித்த சுட்டுவிரலுக்கும் இடையே கிள்ளிப் பிடித்து இழுப்பது. குழந்தையின் கையில் விளையாட்டு வில்லைக் கொடுத்தால் அது இவ்வாறே செய்யும். அடுத்த இரு வகைகள் இதற்கு வலுவூட்ட மற்றை விரல்களையும் நாணிலே துணை சேர்ப்பன. நான்காவது மத்தியதரை நெறி. சுட்டுவிரல் முதலான இரண்டு அல்லது மூன்று விரல்களின் நுனியால் நாணைக் கொளுவி இழுப்பது. இதிற் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. ஐந்தாவது மொங்கோலிய நெறி. கட்டைவிரலை நாணிற் கொக்கியாக மாட்டி, அதன்மேல் சுட்டுவிரலைப் பூட்டாக வைத்து இழுப்பது. வலக்கையால் நாண் வாங்குவோன் மத்தியதரை நெறியில் அம்பை வில்லின் இடப்புறத்தே வைப்பான். மொங்கோலிய நெறியில் வலப்புறத்தே வைப்பான். ஒரு விரலின் மாற்றம் ஆயுதத்தின் புறத்தையே மாற்றிவிடுகிறது.

எந்த நெறி சிறந்தது? வில்லைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். குதிரைமீதிருந்து போர் செய்த மத்திய ஆசிய மக்கள் கொம்பும் நரம்பும் மரமும் சேர்த்து ஒட்டிய குறுவில்லைக் கைக்கொண்டனர். குறுவில்லை முழுதும் வாங்கினால் நாண் கூரிய கோணமாய் மடிந்து, அங்கே மூன்று விரல்கள் இருப்பின் நசுங்கும். ஒரு கட்டைவிரலுக்குத்தான் இடமுண்டு. ஆதலாற் சீனர், கொரியர், துருக்கர், பாரசீகர் எல்லோரும் கட்டைவிரல் நெறியிலேயே நின்றனர். அவ்விரலைக் காக்க எலும்பாலும் கொம்பாலும் கல்லாலும் வளையம் செய்து அணிந்தனர். சீனாவின் அன்யாங் நகரில் 1976இல் அகழப்பட்ட பூ ஹாவோ என்னும் அரசியின் கல்லறையில் அத்தகைய பச்சைக்கல் வளையம் ஒன்று கிடைத்தது. அதன் காலம் கி. மு. 1200 அளவு. மொகலாய மன்னன் ஷாஜகானின் வெண்ணிறக் கல் வளையம் இன்றும் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. ஆங்கிலேயரோ தரையில் நின்று ஆளுயர வில்லை வளைத்தவர்கள். நெடுவில்லில் நாணின் கோணம் அகன்று நிற்பதால் மூன்று விரல்களுக்கும் தாராளமாக இடம் கிடைத்தது.

மணிக்கட்டுக்கும் தொன்றுதொட்டே ஒரு பங்கு உண்டு. விட்ட நாண் திரும்பி வந்து, வில்லேந்திய கையின் மணிக்கட்டில் அறையும். ஆங்கில வில்வித்தையைப் பற்றி 1545இல் நூலெழுதிய ரோஜர் அஸ்கம் கைக்கட்டையும் விரலுறையையும் வில்லாளனுக்கு வேண்டிய பொருள்களிற் சேர்த்தார். எமது முன்னோர் அதற்கு வெகுகாலம் முன்னரே இவ்விரண்டையும் அறிந்திருந்தனர். பாரத வீரர்கள் போருக்கெழும் போதெல்லாம் கோதா, அங்குலித்திரம் என்னும் இரண்டையும் தரித்ததாக வியாசர் கூறுவார். கோதா என்பது உடும்பு. அதன் தோலாற் செய்த மணிக்கட்டுக் காப்புக்கும் அதுவே பெயராயிற்று. அங்குலித்திரம் விரற்காப்பு. தமிழிலும் கோதை என்னும் சொல் பூமாலையை மட்டுமன்றி, உடும்பையும் வில்லாளரின் கைத்தோலையும் குறிக்கும்.

ஏகலைவன் இழந்தது

பண்டைப் பாரத நாட்டில் இரு நெறிகளும் வழங்கின எனலாம். கி. மு. 326இல் அலெக்சாந்தருடன் வந்த நியார்க்கஸின் குறிப்பைக் கொண்டு அரியன் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியதைப் பார்த்தால், இந்தியக் காலாட்கள் தம் உயரமே உள்ள வில்லை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் மிதித்து, நாணை நெடுக வாங்கினர் என்று அறிகிறோம். மற்றொருபுறம், தனுர்வேத நூல்கள் பதாகை, வச்சிரமுட்டி, சிங்ககர்ணம், மற்சரி, காகதுண்டி என நாண் பிடிக்கும் முட்டி ஐந்து கூறுகின்றன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தழுவும் வகையே அவற்றின் வேறுபாடு.

இதனை மனத்திற் கொண்டு ஆதிபருவத்தின் ஏகலைவன் கதையை மீண்டும் படித்தல் வேண்டும். நிஷாதர் தலைவன் மகனாகிய ஏகலைவன் துரோணரிடம் வித்தை கேட்டு மறுக்கப்பட்டான். வனத்திலே அவரது மண்ணுருவை வைத்து வணங்கித் தானே பயின்றான். குரைத்த நாயின் வாயில் ஏழு அம்புகளை ஒருங்கே செலுத்தும் கைவேகம் அவனுக்கு வாய்த்தது. அர்ச்சுனனுக்கு நிகர் எவருமில்லை எனும் தம் வாக்கைக் காக்க, துரோணர் அவனது வலக்கைக் கட்டைவிரலைத் தட்சிணையாகக் கேட்டார். அவன் முகம் வாடாமல் அறுத்துக் கொடுத்தான்.

கதை இத்துடன் முடிவதாகவே நாம் சிறுவயதிற் கேட்கிறோம். வியாசரோ இன்னும் ஓர் அடி மேலே செல்கிறார். அதன்பின் ஏகலைவன் மற்றை விரல்களால் நாணை வாங்கினான் என்றும், ஆனால் முன்னிருந்த வேகம் அவனிடம் இல்லை என்றும் அவர் கூறிச் செல்கிறார். மோர்ஸ் 1885இல் வகுத்த பாகுபாட்டின்படி சொல்வதானால், ஏகலைவன் கட்டைவிரல் நெறியிலிருந்து விரல்நுனி நெறிக்கு மாறினான். அவன் வில்லைக் கைவிடவில்லை. மற்றோர் நெறியால் வித்தையைத் தொடர்ந்தான். அந்த நெறியை அவன் தேர்ந்துகொள்ளவில்லை. அது அவன்மீது சுமத்தப்பட்டது. துரோணர் கேட்டது வெறும் விரலன்று. தனக்கேற்ற வழியைத் தானே தேரும் உரிமையையே அவர் கேட்டார்.

எமது கரையின் வில்லாளர்

ஏகலைவனைப் போன்ற வனமக்கள் எமக்குத் தூரத்தவரல்லர். இலங்கையின் கிழக்கே, எமது வாவிக்கும் மலைநாட்டுக்கும் இடைப்பட்ட காடுகளெல்லாம் ஒருகாலம் வேடர்களின் வேட்டை நிலம். 1660இல் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றிச் சுவையான செய்தியொன்று தருகிறார். வேடருக்கு அம்புமுனை வேண்டுமாயின், இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய முனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி வைத்துச் செல்வர். கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து நன்றி செலுத்துவர். முகம் காணாமலே நடந்த இந்த வாணிகத்தில் சொல்லுமில்லை, ஓலையுமில்லை. நம்பிக்கை மாத்திரமே இருந்தது.

செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் வேடரின் வாழ்வை விரிவாகக் கூறுகிறது. வேட்டையிற் சிறந்த மூதாதை ஒருவரைக் கண்டே யக்கா என்று போற்றி, வேட்டைக்கு முன் அவரை அழைத்து அவர்கள் ஆடுவர். வேடனின் திறமை தொலைவிலுள்ள குறியை வீழ்த்துவதிலன்று; காற்றின் திசையறிந்து, சருகு மிதிபடாமல், மிருகத்தின் அருகே நெருங்கிச் செல்வதிலேயே அது விளங்கிற்று. அண்மையில் நின்று எய்பவனுக்கு நாண் தாமதமின்றியும் ஓசையின்றியும் விடுபட வேண்டும். வேட்டுவ வில்லின் தேவை அதுவே.

நாணுக்கு நாரும் காட்டிலேயே கிடைத்தது. மரல் என்னும் செடியின் நார் பாரதமெங்கும் நாண் திரிக்கப் பயன்பட்டது. அதனை வடமொழியில் மூர்வை என்பர். நாணுக்கு மௌர்வி என்ற பெயர் அதனால் வந்ததே. பெரும்பாணாற்றுப்படை காட்டும் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, அதே மரல்நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்தான். எமது காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் இந்த வில்யாழுக்குச் சிறப்பிடம் தந்தார். கொல்லும் நாணே பாடும் நரம்பாயிற்று; இரண்டையும் ஒலிக்கச் செய்தது விரல் விடுத்த விடுதலே.

அந்த வேடர்களின் நிலை பின்னர் யாது? 1937இன் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது, அவர்களது பரம்பரை வேட்டைக்காடு அதன் எல்லைக்குட் சென்றது. வனவிலங்கைக் காப்பது அறமே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் காட்டை அழித்தவர் பலராயிருக்க, வில்லைக் கீழே வைக்கும்படி முதலில் கேட்கப்பட்டவர் அதை அழிக்காது வாழ்ந்தவர்களே. வாகரைப் பக்கத்துக் கரையோரக் கிராமங்களிலே தமிழ் பேசி வாழும் வேடர்கள் 2004இன் கடற்கோளையும், 2006–07இன் போர் இடப்பெயர்வையும் கண்டவர்கள். அவர்கள் எம் அயலவர்கள். மிஷன் பாடசாலைகளிற் படித்த எம்போன்றோர் றொபின் ஹூட்டின் வில்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதவல்லோம். இருபது கட்டைக்கு அப்பாலிருக்கும் இந்த வில்லைப் பற்றி எழுதவல்லார் எத்தனை பேர்?

இயந்திரம் தந்த தேர்வு

இனி இன்றைய விவாதத்துக்கு வருவோம். ஹொலிஸ் அலன் என்னும் அமெரிக்கருக்கு 1969இல் ஒரு புதுவில்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. முனைகளிற் கப்பி பூட்டிய இந்த வில்லை முழுதும் வாங்கியபின், கை தாங்க வேண்டிய பாரம் ஐந்தில் ஒரு பங்களவுக்குக் கூடக் குறையும். ஆதலால் வேட்டுவன் நெடுநேரம் குறிபார்த்து நிற்கலாம். ஆனால் இவ்வில் குறுகியது. பழைய குதிரை வில்லைப் போலவே நாண் கூரிய கோணமாய் மடிந்து விரலை நசுக்கும். மன்னர்கள் கல்வளையம் தேடிய அதே காரணத்தால் இக்காலத்தவர் இரும்புக் கொளுக்கியைத் தேடினர்.

மணிக்கட்டுக் கருவியில், இழுக்கும் பாரத்தை வார் வழியாக மணிக்கட்டே தாங்குகிறது, விரல்கள் களைப்பதில்லை. கருவி கையோடு கட்டப்பட்டிருப்பதால் இருளிலே கீழே விழாது. மிருகம் சடுதியாகத் தோன்றினாலும் உடனே நாணிற் கொளுவலாம். அதன் குறை சுட்டுவிரலில் உள்ளது. அவ்விரல் ஆவலுடையது, குறி கண்ணிற் பட்டவுடன் விசையைத் தட்டிவிடும், அம்பு விலகும். கட்டைவிரற் கருவியை மற்றை விரல்கள் சேர்ந்து பிடிக்கின்றன. கட்டைவிரலை விசைமேல் அமர்த்தி, முதுகுத் தசையை மெல்ல இறுக்கிக்கொண்டே போனால், விடுபடும் கணம் எய்பவனுக்கே வியப்பாக வரும். ஆதலாற் குறி நிலைக்கும். ஆயினும் கையினின்று தவறி விழவும், மறந்து விடப்படவும் அது இடந்தரும். விரைவு வேண்டுவோனுக்கு மணிக்கட்டு. பதற்றத்தை அடக்க வேண்டுவோனுக்குக் கட்டைவிரல். தன் குறையை அறிந்தவனே தன் கருவியைத் தேரவல்லான்.

இத்தேர்வு எவ்வளவு தூரம் விரியும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கைகளின்றிப் பிறந்த காஷ்மீர் நங்கை ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, தோளிற் பூட்டிய கருவியால் நாணை வாங்கி, வாயால் விசையை இயக்கி எய்கிறாள். 2024இல் பாரிஸ் நகரில் நடந்த பராலிம்பிக் போட்டியில், ராக்கேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலப் பதக்கம் வென்றாள். கட்டைவிரலின்றி ஏகலைவன் வேகம் குறைந்தான். கைகளே இன்றி இந்நங்கை உலகின் முன்வரிசையில் நிற்கிறாள். அவளது ஆசான்கள் எதையும் அறுத்துக் கேட்கவில்லை. அவளிடம் உள்ளதைக் கொண்டு ஒரு வழியை அமைத்துக் கொடுத்தனர். இரு குருகுலங்களுக்கும் உள்ள பேதம் அதுவே.

நாம் செய்யத்தக்கது

வில்லெடுத்து வேட்டையாடும் காலம் எம் நாட்டிற் கழிந்தது. அது மீள வேண்டுமென்பதும் எம் கருத்தன்று. எனினும் எமது ஆலயங்களில் வேட்டைத் திருவிழா வருடந்தோறும் நடைபெறுகிறது. சுவாமி வேட்டைக்கு எழுந்தருள்கிறார். வள்ளியம்மை வேடர் வளர்த்த செல்வி. கண்ணுக்குக் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் வேடர் குலத்து வில்லாளர். அவர் முதன்முதல் வில்லேந்திய நாளை ஊரே கூடிக் கொண்டாடியதைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தார். தில்லை மரத்தடியில் வேலைக் கண்டு பந்தலிட்டு முதலில் வழிபட்டோர் வேடரே என்பது மண்டூர்த் தலத்தின் ஐதிகம். தெய்வத்தின் கையிலுள்ள வில்லை வணங்கும் நாம், அவ்வில்லை எமக்குத் தந்த மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவது பொருந்துமோ?

இளைஞர் சங்கங்கள் வேடர் கிராமங்களின் பிள்ளைகளுடன் சேர்ந்து கற்கவும் விளையாடவும் வழிசெய்யலாம். முதியோர் நினைவில் எஞ்சியுள்ள வில்லின் பெயர், மரத்தின் பெயர், நாரின் பெயர் என்பவற்றை எழுதி வைக்கலாம். இளைஞன் ஒருவன் தனக்கேற்ற வழியைத் தேர்ந்து வரும்போது, முதியோர் அவ்வழிக்குத் துணை நிற்கலாம். ஆசிரியர், பெற்றார், தலைவர் என எந்நிலையில் நின்றாலும், பிறர் பிள்ளையின் கட்டைவிரலைக் கேளாதிருக்கும் உறுதி வேண்டும். தன் நாணைத் தன் விரலால் விடும் உரிமை எல்லோர்க்கும் உண்டு.