மலைச் சைக்கிள் சக்கர அளவு

கல், வேர், பள்ளம், செங்குத்துச் சரிவு ஆகியவை மலிந்த கரடுமுரடான வழிகளில் ஓட்டுவதற்கென அமைந்த சைக்கிளில், வண்டியின் போக்கை நிர்ணயிக்கும் அம்சங்களுள் சக்கரத்தின் விட்டம் முதன்மையான ஒன்றாகும். இவ்வகை வண்டிகளில் 26, 27½, 29 அங்குலம் என மூன்று அளவுகள் வழங்கி வந்துள்ளன. இவற்றுள் முதலாவது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தனியாட்சி செலுத்தியது. மூன்றாவது அதன் ஸ்தானத்தை இப்போது பெற்றுள்ளது. இரண்டாவது இவ்விரண்டிற்கும் இடையே சிலகாலம் சமரசமாக நின்று, பின்னர் பெரும்பாலும் பின்சக்கரத்தோடு ஒதுங்கிக்கொண்டது.

அளவு முறை: மேற்கூறிய அங்குலக் கணக்குகள் டயரின் வெளி விட்டத்தை உத்தேசமாகக் குறிக்கும் பழைய வழக்கைச் சேர்ந்தவையாதலால் அவற்றை அப்படியே நம்பி அளவெடுப்பது பிழையில் முடியும். டயரின் விளிம்பு ரிம்மின்மீது அமரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் கூறும் சர்வதேசத் தரமுறையே (ஐ.எஸ்.ஓ. 5775) துல்லியமானது. அதன்படி 26 அங்குலச் சக்கரம் 559 மி.மீ.; 27½ அங்குலம் 584 மி.மீ.; 29 அங்குலம் 622 மி.மீ. ஆகவே, நடு அளவு என்று கருதப்படும் 27½ உண்மையில் நடுவில் இல்லை. சிறியதைவிட அது 25 மி.மீ. மட்டுமே பெரியது, பெரியதைவிட 38 மி.மீ. சிறியது. 29 அங்குலம் என்ற பெயருடன் விளங்கும் ரிம், சாலைப் பந்தய வண்டிகளில் நெடுங்காலமாக 700சி என்று வழங்கும் ரிம்மின் அளவேயாகும். தடித்த டயரை ஏற்றதனால் வெளி விட்டம் வளர்ந்து, அதற்குப் புதுப்பெயர் வாய்த்தது. நம் நாட்டில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிப் பழகிய 28 அங்குலச் சைக்கிளின் ரிம் 635 மி.மீ. ஆதலால், எண்ணில் சிறியதான அது 29 அங்குல ரிம்மைவிடப் பெரியது என்பதை இங்கு கவனிக்கலாம்.

27½ அங்குலத்தின் பூர்வப் பெயர் 650பி. பிரெஞ்சு முறையில் 650 என்பது டயரின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். அதை அடுத்து வரும் எழுத்து டயரின் தடிப்பைக் காட்டும். வெளி விட்டம் மாறாதிருக்க டயர் தடிக்குந்தோறும் ரிம் சிறுக்க வேண்டுமாதலால், 650ஏ 590 மி.மீ. ஆகவும், 650பி 584 மி.மீ. ஆகவும், 650சி 571 மி.மீ. ஆகவும் அமைந்தன.

வரலாறு: சாலையற்ற நிலத்தில் சைக்கிள் ஓட்டும் முயற்சி சைக்கிளைப் போலவே பழமையானது. 1897இல் அமெரிக்கச் சேனையின் 25ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் என்பவரின் தலைமையில் மொன்டானாவிலுள்ள மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறக்குறைய 1,900 மைல் தூரத்தைச் சைக்கிளில் கடந்தனர். 1951 முதல் 1956 வரை பாரிஸ் நகரின் புறத்தே இளைஞர் சிலர் 650பி சக்கர வண்டிகளைத் திருத்தியமைத்துக்கொண்டு மேடுபள்ளங்களில் பந்தயம் நடத்தினர். கலிபோர்னியாவில் ஜான் பின்லி ஸ்காட் என்பவர் 1953இல் தடித்த டயரும் நேரான ஹாண்டில்பாரும் கொண்ட வண்டியொன்றைத் தமக்கெனச் சமைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1955இல் கரடுவழிச் சைக்கிள் பிரியர்களின் சங்கமொன்று தோன்றியது. இவை யாவும் தனித்தனி முயற்சிகளாகவே நின்றுவிட்டன; இன்றைய மலைச் சைக்கிளின் பரம்பரை கலிபோர்னியாவில் ஸான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் பிரதேசத்திலிருந்தே தொடங்குகிறது.

அப்பிரதேசத்து டாமல்பயஸ் மலையின் சரிவுகளில் 1970களில் இறங்கி விளையாடிய இளைஞர்கள், ஷ்வின் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்கு முன் வெளியிட்ட எக்ஸெல்ஸியர் முதலிய பழைய வண்டிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலிய உபரிப் பாகங்களைக் கழற்றியெறிந்துவிட்டு உபயோகித்தனர். ஷ்வின் கம்பெனி 1933இல், ஜெர்மனியில் கண்ட மாதிரியைப் பின்பற்றி, 26 அங்குல விட்டமும் 2⅛ அங்குலத் தடிப்பும் கொண்ட பலூன் டயரைத் தன் வண்டிகளில் புகுத்தியிருந்தது. சிறுவர்கள் நடைபாதை விளிம்புகளில் மோதினாலும் டயர் தாங்க வேண்டும் என்பது அதன் நோக்கமேயன்றி, மலையிறக்கம் எவர் மனத்திலும் இருக்கவில்லை. ஆயினும், கல்லிலும் புழுதியிலும் உடையாமல் நிற்கக்கூடிய தடித்த டயர் அமெரிக்காவில் அந்த ஓர் அளவில் மட்டுமே கிடைத்தமையால், ஆராய்ச்சியும் பரீட்சையும் இன்றியே 26 அங்குலம் மலைச் சைக்கிளின் அளவாக நிலைத்துவிட்டது.

1976 அக்டோபர் 21 அன்று பேர்பாக்ஸ் என்ற ஊரருகே, சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்தில் 400 மீட்டர் இறங்கும் மண்பாதையில் ரீபேக் என்ற பந்தயம் முதன்முதலாக நடந்தது. பின்சக்கர ஹப்பினுள் அமைந்த பழைய பிரேக், இறக்கத்தின் உஷ்ணத்தால் கிரீஸ் முழுவதும் புகையாகிப் போக, ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் ஹப்பில் கிரீஸை மீண்டும் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கு அப்பெயர் வந்தது. அப்பந்தயக்காரருள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இத்தொழிலுக்கென்றே புதிதாகச் சட்டம் செய்து வண்டி கட்டினார். 1979இல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி கட்டிய சட்டங்களைக் கொண்டு வியாபாரம் தொடங்கினர். 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் தொழிற்சாலையில் பெருமளவில் உற்பத்தியாகி வெளிவந்தது. இவை அனைத்தும் 26 அங்குலச் சக்கரத்தையே தாங்கி வந்தன.

பெரிய சக்கரத்துக்கு ஆதியிலேயே ஒரு வாய்ப்பு நேர்ந்து நழுவிப் போனது. இங்கிலாந்தில் கிளீலண்ட் என்ற பெயரில் வண்டிகள் கட்டிய ஜெப் ஆப்ஸ், பின்லாந்தின் நோக்கியா கம்பெனி பனிப்பாதைக்கெனச் செய்த டயர்களை 650பி, 700சி ரிம்களில் பூட்டிப் பார்த்து, 1980களின் தொடக்கத்தில் அவற்றுட் சிலவற்றைக் கலிபோர்னிய நண்பர்களுக்கும் அனுப்பினார். அவற்றைப் பரீட்சித்தவர்கள் மெச்சினர். ஆனால் டயர் தொடர்ந்து கிடைப்பது நிச்சயமில்லாமையால் அம்முயற்சி அத்துடன் நின்றது. 1990இல் டுராங்கோ நகரில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியிலும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதல் இடம்பெற்றபோதும் 26 அங்குலமே ஆட்சி செய்தது.

1999இல் டபிள்யூ.டி.பி. கம்பெனி நானோராப்டர் என்ற, 622 மி.மீ. ரிம்முக்கேற்ற 2.1 அங்குல டயரை வெளியிட்டபோதுதான் 29 அங்குலம் என்ற அளவு மெய்யாகப் பிறந்தது. கேரி பிஷரின் பெயர் தாங்கிய வண்டிகள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைக் கடைகளுக்குக் கொண்டு வந்தன. 2005இல் தோன்றிய நைனர் கம்பெனி அந்த அளவைத் தவிர வேறெதையும் செய்வதில்லை என்ற விரதத்தோடு புறப்பட்டது. 2007இல் கிர்க் பசென்டி 650பி அளவில் முரட்டு டயரை வெளியிட்டு அதற்குப் புத்துயிர் அளித்தார்.

இரு அளவுகளின் வாதமும் 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் நேருக்கு நேர் சந்தித்தது. ஸ்விட்ஸர்லாந்தின் நீனோ ஷுர்ட்டர் 27½ அங்குலத்திலும், செக் நாட்டின் யரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலத்திலும் ஓட்டி, முடிவுக் கோட்டில் குல்ஹாவி ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். ஷுர்ட்டர் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவரும் 29 அங்குலத்துக்கு மாறியிருந்தார். அத்துடன் அந்த விவாதம் ஓய்ந்தது. செங்குத்து இறக்கப் பந்தயங்களில் மட்டும் சிறிய சக்கரம் சிலகாலம் தாக்குப்பிடித்தது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் கிரெக் மினார் ஸ்காட்லாந்தின் போர்ட் வில்லியம் பந்தயத்தை 29 அங்குலத்தில் வென்ற பின் அவ்வரணும் தகர்ந்தது.

தடைகளைக் கடத்தல்: சக்கரம் ஒரு கல்லைச் சந்திக்கும்போது, அச்சிலிருந்து கல்லின் முனைக்கு வரைந்த கோடு செங்குத்துக் கோட்டுடன் ஏற்படுத்தும் கோணம் எவ்வளவு சிறியதோ, சக்கரம் அவ்வளவு எளிதில் அதன்மேல் ஏறும். 2¼ அங்குல டயருடன் 26 அங்குலச் சக்கரத்தின் வெளி விட்டம் சுமார் 673 மி.மீ., 29 அங்குலத்துடையது சுமார் 736 மி.மீ. என்று கொண்டால், 100 மி.மீ. உயரமான கல்லுக்கு அக்கோணம் முறையே 45 பாகையும் 43 பாகையும் ஆகும். இரண்டு பாகை அற்பமாகத் தோன்றினும், நின்ற நிலையிலிருந்து கல்லின்மேல் ஏற அச்சில் வேண்டிய முன்தள்ளு விசை அதனால் நூற்றுக்கு ஏழு பங்கு குறைகிறது. கல் 50 மி.மீ. ஆயின் இந்த லாபம் ஐந்தரைப் பங்கு, 200 மி.மீ. ஆயின் பதின்மூன்று பங்கு. அதாவது, வழி எவ்வளவு கொடியதோ அவ்வளவு பெரிய சக்கரத்தின் அநுகூலமும் வளர்கிறது. பள்ளத்திலும் இதே நியாயம் செல்லும்: 300 மி.மீ. அகலமுள்ள குழியில் சிறிய சக்கரம் 35 மி.மீ. இறங்குமிடத்தில் பெரியது 32 மி.மீ. மட்டுமே இறங்கும். ஒரே இறக்கத்தில் நூற்றுக்கணக்கான கற்களும் வேர்களும் எதிர்ப்படுவதால், ஒவ்வொன்றிலும் மிஞ்சும் சிறு வேகம் ஒன்றுசேர்ந்து பெருந்தொகையாகிறது. ஓட்டுபவரின் கையிலும் தோளிலும் ஏறும் அதிர்ச்சியும் அதற்கேற்பக் குறைகிறது.

பெரிய சக்கரத்தின் டயர் நிலத்தைத் தொடும் தடம் சற்று நீண்டு ஒடுங்கியிருக்கும். ஈரமான வேரிலும் உதிர்ந்த சரளையிலும் ஏறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இந்நீளம் பிடிப்பைத் தரும். டயரில் காற்றைக் குறைத்தாலும் பிடிப்பு ஏறுமாதலால், இரு காரணங்களையும் பிரித்தறிவது அநுபவசாலிகளுக்கும் எளிதன்று.

குறைகள்: ஒரே தடிப்புள்ள ரிம்மும் டயரும் 26இலிருந்து 29 அங்குலத்துக்கு வளர்ந்தால் எடை நூற்றுக்குப் பதினொரு பங்கு கூடும், அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறனோ விட்டத்தின் முப்படிக்கேற்ப வளர்ந்து, நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு அதிகரிக்கும். இந்தப் பெரிய எண்ணைச் சொல்லி அச்சுறுத்துவோர் உண்டு. ஆனால் பெரிய சக்கரம் அதே வேகத்துக்கு மெதுவாகவே சுழலுமாதலால், வண்டியை வேகமெடுக்கச் செய்வதில் உணரப்படும் பாரம் எடையின் பதினொரு பங்கு வித்தியாசத்துக்கு மேற்படாது. சுழற்சியால் வரும் ஸ்திரத்தன்மை மட்டும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. நேரான வேகப் பாதையில் இது வரம், நெருங்கிய கொண்டையூசி வளைவுகளில் இதுவே சுமை. முன்சக்கரத்தைத் தூக்குதல், குதித்தல், வண்டியைச் சடுதியில் சாய்த்துத் திருப்புதல் ஆகிய வித்தைகளில் சிறிய சக்கரம் சுறுசுறுப்பானது என்பதை அதன் எதிரிகளும் ஒப்புக்கொள்வர். செங்குத்தான இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ளி அமர்கையில், குட்டையானவர்களுக்குப் பின்டயர் உடலில் உராயும் அபாயமும் உண்டு.

வண்டியின் அமைப்பு: சக்கரம் வளர்ந்ததும் சட்டம் முழுவதும் மாற வேண்டியதாயிற்று. சக்கர அச்சு உயர்ந்தும் பெடல் அச்சு அதே உயரத்திலும் நிற்பதால், ஓட்டுபவர் வண்டியின் மேலே அல்லாமல் அதற்குள்ளே அமர்ந்ததுபோல் உணர்கிறார். இது இறக்கத்தில் துணிவு தரும். ஸ்டியரிங் மந்தமாகாமலிருக்க முன்போர்க்கின் வளைவு அளவைக் கூட்டினர். நீண்ட ஸ்போக்ஸ் கம்பிகளால் சக்கரம் பக்கவாட்டில் நெளிவதைத் தடுக்க, 2014 முதல் ஹப்பை அகலமாக்கி, பின்னே 142 மி.மீட்டரை 148 ஆகவும் முன்னே 100 மி.மீட்டரை 110 ஆகவும் உயர்த்தினர். ஒரு சுற்றில் கடக்கும் தூரம் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடியதால் முன்பல்சக்கரத்தைச் சிறிதாக்கினர்.

முன்னும் பின்னும் வேறுபட்ட சக்கரங்களைப் பூட்டும் வழக்கமும் பழையதே. முன்னே 26, பின்னே 24 அங்குலம் கொண்ட இறக்க வண்டிகள் ஒருகாலத்தில் விற்பனையில் இருந்தன. முன்னே 29, பின்னே 27½ என்ற கூட்டு, தடைகளை முன்சக்கரம் எளிதில் கடக்கவும், பின்புறம் வளைவுகளில் விரைந்து திரும்பவும் உதவுகிறது. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 2019ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு இதை அநுமதித்தது. அவ்வாண்டே பிரான்ஸின் லொயிக் புரூனி இத்தகைய வண்டியில் கனடாவின் மான்ட்-செயின்ட்-ஆன் மலையில் இறக்கப் பந்தய உலகச் சாம்பியனானார்.

இன்றைய நிலை: நெடுவழிப் பந்தயங்களில் 29 அங்குலமும், இறக்கப் பந்தயங்களில் பெரும்பாலும் கலப்பு முறையும் வழங்குகின்றன, 26 அங்குலம் குதிப்பு வண்டிகளிலும் சிறுவர் வண்டிகளிலும் எஞ்சியுள்ளது. 32 அங்குலச் சக்கரமும் இப்போது பரீட்சையில் உள்ளது.