ஹாம்சாட்

ஹாம்சாட் என்பது அமெச்சூர் வானொலியாளர்களின் பயன்பாட்டுக்கென இந்திய விண்வெளி ஆய்வு மையம் (இஸ்ரோ) உருவாக்கி, 2005 ஆம் ஆண்டு மே 5 ஆம் நாள் விண்ணில் செலுத்திய சிறிய செயற்கைக்கோள் ஆகும். இதன் எடை 42.5 கிலோகிராம். அமெச்சூர் வானொலி வட்டாரங்களில் இது வியூசாட்-ஆஸ்கார் 52, சுருக்கமாக வி.ஓ-52, என்ற பெயரால் அறியப்பட்டது. ‘வியூ’ என்பது இந்திய வானொலி நிலையங்களின் அழைப்புக் குறியீட்டில் முதலில் வரும் ‘வி’, ‘யு’ ஆகிய இரு எழுத்துக்களைக் குறிக்கும். இரண்டு ஆண்டுகள் இயங்கினால் போதும் எனத் திட்டமிடப்பட்ட இச்செயற்கைக்கோள் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கி, 2014 ஆம் ஆண்டு சூலை 11 இல் மின்கலப் பழுதினால் செயலிழந்தது.

ஒரு வாட் அளவே ஆற்றல் கொண்ட அலைபரப்பியை வைத்துக்கொண்டு இது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இருவரைப் பேச வைத்தது. தரைவழி வானொலி அலைகளை முகடுகள் மறைக்கும் மலைநாட்டு ஊர்களுக்கு இவ்வகைச் செயற்கைக்கோள்களால் என்ன பயன், எவ்வளவு பயன் என்பதும் இக்கட்டுரையில் பழனி மலையின் பாச்சலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

== பின்னணி ==

வணிக நோக்கமின்றி, கற்றலுக்காகவும் ஆர்வத்துக்காகவும் அரசின் உரிமம் பெற்று வானொலி நிலையம் நடத்துவோர் அமெச்சூர் வானொலியாளர் அல்லது ஹாம் எனப்படுவர். இந்தியாவில் இதற்கெனத் தேர்வு உண்டு; முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஒரு ஹாம் ஆவார்.

இவர்கள் விண்வெளிக்குச் சென்றது பலரும் எண்ணுவதை விட முந்தியது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்ட நான்கே ஆண்டுகளில், 1961 திசம்பர் 12 இல், அமெரிக்க ஹாம்கள் தம் கைப்படச் செய்த ஆஸ்கார் 1 ஏவப்பட்டது. வேறொரு செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற ஏவுகலத்தில் எடையைச் சமன் செய்ய வைக்கப்படும் கட்டிக்குப் பதிலாக இது வைக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கரைக் கிலோகிராம் எடையுள்ள அது மோர்ஸ் குறியீட்டில் ‘ஹை’ என்ற ஒரே சொல்லை மூன்று வாரங்கள் ஒலித்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 570க்கும் மேற்பட்ட ஹாம்கள் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்து அனுப்பினர். கேட்டல், குறித்தல், அறிவித்தல் என்ற கண்காணிப்பு முறை அன்றிலிருந்து தொடர்கிறது.

== உருவாக்கமும் ஏவுதலும் ==

ஹாம்சாட், பெங்களூரிலுள்ள இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தில் (2018 முதல் யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம்) உருவாக்கப்பட்டது. இந்திய அமெச்சூர் செயற்கைக்கோள் அமைப்பான ஆம்சாட் இந்தியாவின் பங்களிப்பும் இதில் இருந்தது. இதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் (பெற்ற அலையை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றி மீண்டும் பரப்பும் கருவிகள்) பொருத்தப்பட்டன. ஒன்று இந்தியாவில் செய்யப்பட்டது. மற்றொன்றை வில்லியம் லெய்யனார் என்ற நெதர்லாந்து நாட்டு மாணவர் வடிவமைத்துச் செய்தார். ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம் வேற்று நாட்டு மாணவர் ஒருவரின் கருவியைத் தன் செயற்கைக்கோளில் ஏற்றியது அக்காலத்தில் அரிய செயல் எனலாம்.

சிறீஅரிக்கோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்ட முதல் ஏவுகலமான பி.எஸ்.எல்.வி-சி6, 1560 கிலோகிராம் எடையுள்ள கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட்டையும் சுமந்து சென்றது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இந்நிகழ்வைப் பார்வையிட்டார்.

இது புவியிலிருந்து ஏறத்தாழ 620 முதல் 630 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிச் செல்லும் சூரிய ஒத்தியக்கப் பாதையில் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 97 நிமிடங்கள் ஆயின. சூரிய ஒத்தியக்கப் பாதை என்பதால் ஓர் ஊரின் மேல் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே பொழுதில் வரும். தமிழகத்துக்கு முற்பகலில் பத்தரை மணியை ஒட்டி இரண்டு முறை, இரவில் அதே போல் இரண்டு முறை என நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கடப்புகள் கிடைத்தன.

== செயற்படும் முறை ==

தரையிலுள்ளவர் 435.25 மெகாஹெர்ட்சை மையமாகக் கொண்ட அலைக்கற்றையில் பேச, ஹாம்சாட் அதனை 145.90 மெகாஹெர்ட்சை மையமாகக் கொண்ட கற்றைக்கு மாற்றி, வலுவூட்டித் திருப்பி அனுப்பியது. கற்றையின் அகலம் 60 கிலோஹெர்ட்ஸ். ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் ஒருவரது பேச்சுக்கு ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் போதும். ஆகவே கணக்குப்படி ஒரே நேரத்தில் இருபது பேச்சுகள் வரை அடங்கும்.

நடைமுறை வேறு. இருக்கும் ஒரு வாட் ஆற்றலை அனைவரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். இது கூட்டாஞ்சோறு போன்றது. ஒருவர் அளவுக்கு மீறி ஆற்றலைச் செலுத்தினால் டிரான்ஸ்பாண்டர் தன் வலுவூட்டலைத் தானே குறைத்துக்கொள்ளும், மற்றவர்களின் குரல் அமிழ்ந்து போகும். எனவே ‘கேட்கும் அளவுக்கு மட்டும் அனுப்பு’ என்பது செயற்கைக்கோள் வழிப் பேசும் ஹாம்களிடையே எழுதாச் சட்டமாக உள்ளது. பேசுபவர் தன் குரல் விண்ணிலிருந்து திரும்பி வருவதைத் தானே காதணி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே பேசுவதால், வரம்பு மீறினோமா என்பதை உடனே அறியலாம்.

ஹாம்சாட் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் விரைவில் சென்றதால் டாப்ளர் விளைவு தெளிவாகத் தெரிந்தது. தொடர்வண்டி நெருங்கும்போது ஊதலின் சுருதி கூடியும் கடந்தபின் குறைந்தும் கேட்பது போல, 145.9 மெகாஹெர்ட்சில் அதிர்வெண் 3 கிலோஹெர்ட்சுக்குச் சற்று மேலாகக் கூடிக் குறையும். 435 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ். இந்த டிரான்ஸ்பாண்டர் கற்றையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும் வகையினது. இதனால் மேல்செல்லும் அலையின் மாற்றமும் கீழ்வரும் அலையின் மாற்றமும் ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொண்டன. எளிய உத்தி, ஆனால் பேசுவோர் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கும் தொல்லையைப் பெரிதும் குறைத்தது.

பேசும் உரிமம் இல்லாத மாணவர்களுக்கு இதன் அடையாள ஒலிகளே பாடமாக அமைந்தன. இந்திய டிரான்ஸ்பாண்டர் 145.936 மெகாஹெர்ட்சில் செய்தி ஏதுமற்ற தொடர் அலையை அனுப்பியது. நெதர்லாந்துக் கருவி 145.860 மெகாஹெர்ட்சில் மோர்ஸ் குறியீட்டில் ஒலித்தது. தொடர் அலையின் அதிர்வெண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடத்தில் இட்டால், வளைவு மிகச் செங்குத்தாக விழும் கணமே செயற்கைக்கோள் மிக அருகில் இருந்த கணம் ஆகும். ஹாம்சாட் தன்னைத்தானே நிமிடத்துக்கு ஏறத்தாழ நான்கு முறை சுழற்றி நிலைநிறுத்திக்கொண்டது. ஒலி அலை அலையாக ஏறி இறங்குவதிலிருந்து அச்சுழற்சியையும் உணரலாம்.

== மலைநாட்டில் பயன்பாடு: பாச்சலூர் ==

பாச்சலூர், திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் உள்ள ஊர். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் இப்பகுதியில் ஊர்கள் சரிவுகளிலும் மடிப்புகளிலும் அமைந்துள்ளன. 144 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. முகட்டின் மேல் நிற்பவருக்கு இது நற்பேறு. சுமார் 2100 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பாகும் பண்பலையை மதுரை, திருச்சி மக்கள் கேட்பது இதனால்தான். அவ்வுயரத்திலிருந்து வானொலி அடிவானம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மடிப்பின் உள்ளே இருப்பவருக்கோ எதிர்ச்சரிவே எல்லை.

செயற்கைக்கோளுக்கு இக்கணக்கு மாறுகிறது. ஹாம்சாட் இருந்த உயரத்திலிருந்து வானொலி அடிவானம் ஏறத்தாழ 2700 கிலோமீட்டர். அது பாச்சலூரின் உச்சியில் நிற்கும் கணத்தில் கொழும்பு, போர்ட் பிளேர், தில்லி ஆகிய மூன்றும் அதன் பார்வைக்குள் அடங்கும். பாச்சலூரிலிருந்து ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துபாயுடன் பேசவும் இயலும். செயற்கைக்கோள் அரபிக் கடலின் மேல், இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆயினும் மலை முற்றிலும் விட்டுவிடுவதில்லை. தடையற்ற சமவெளியில், தலைக்கு மேலே கடக்கும் ஹாம்சாட் ஏறத்தாழ 13 நிமிடங்கள் கேட்கும். வடக்கிலும் தெற்கிலும் 20 பாகை உயரத்துக்கு மலை மறைத்தால் அந்நேரம் ஏறத்தாழ 6 நிமிடங்களாகச் சுருங்கும். அடிவானத்தை ஒட்டிச் செல்லும் கடப்புகள் அறவே கிட்டா. தொலைதூர நிலையங்களுடன் பேச உதவுபவை அந்தத் தாழ்வான கடப்புகளே என்பதால் இழப்பு நிமிடக் கணக்கை விடப் பெரிது. ஆகவே மலைநாட்டு ஹாம் முதலில் செய்ய வேண்டியது கருவி வாங்குவதன்று. திசைகாட்டியும் கோணமானியும் கொண்டு தன் முற்றத்திலிருந்து ஒவ்வொரு திசையிலும் முகடு எத்தனை பாகை உயர்ந்துள்ளது என அளந்து, ஒரு வட்டப்படம் வரைந்துகொள்ள வேண்டும். பாதைத் தரவுகளைக் கொண்டு கணினி தரும் கடப்பு நேர அட்டவணையை (ஹாம்களின் பஞ்சாங்கம் என இதைச் சொல்லலாம்) அப்படத்துடன் ஒப்பிட்டால் எந்தக் கடப்பு பயன் தரும் என்பது தெரிந்துவிடும்.

மலை தரும் நன்மையும் உண்டு. நகரங்களில் மின்கருவிகள் எழுப்பும் வானொலி இரைச்சல் சிற்றூர்களில் குறைவு. ஒரு வாட் ஆற்றலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும் மெல்லிய சமிக்ஞைக்கு அந்த அமைதி பெருந்துணை. கையில் பிடிக்கத்தக்க யாகி ஆண்டெனாவே போதுமானது. அதன் அரையலைக் கம்பி 145.9 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரும் 435 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டரும் இருக்கும்.

== பேரிடர்க் காலமும் ஹாம்சாட்டும் ==

ஹாம்சாட் ஏவப்படுவதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் முன்பு, 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவொன்று போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசி இணைப்புகள் அறுந்த நிலையில் அந்தமான் தீவுகளின் செய்திகளை அக்குழு இந்தியப் பெருநிலப்பகுதிக்கு அனுப்பியது. அமெச்சூர் வானொலியின் மதிப்பை நாடு உணர்ந்த வேளையிலேயே ஹாம்சாட் வந்தது. எனவே பேரிடர் உதவி இதன் நோக்கங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

இதை மிகைப்படுத்துதல் தகாது. நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே கிட்டும் இணைப்பை அவசர அழைப்பு வழியாகக் கொள்ள முடியாது. காலை பதினொரு மணிக்கு நிலச்சரிவு ஏற்பட்டு, அடுத்த கடப்பு இரவு ஒன்பதரைக்கு என்றால் அது உதவாது. அந்தமான் குழு பயன்படுத்தியதும் செயற்கைக்கோளை அன்று, சிற்றலையையே. பழனி மலை போன்ற இடங்களில் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே அனுப்பி, அயனி மண்டலத்தில் எதிரொளிக்கச் செய்தால் மாவட்டத் தலைநகரை மலைகளைத் தாண்டி எட்டலாம். செயற்கைக்கோள், அயனி மண்டலம் ஒத்துழைக்காத வேளைகளில் இரண்டாம் வழியாக அமையும். எத்தனை பேர் பாதிக்கப்பட்டனர், எந்தச் சாலை அறுந்தது என ஒரு நாளின் நிலையைத் தொகுத்து அனுப்ப ஆறு நிமிடங்கள் போதும்.

2018 நவம்பர் 16 இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே சென்றபோது கொடைக்கானல் மலைப்பகுதியில் மரங்கள் சாய்ந்து சாலைகளும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. அப்போது ஹாம்சாட் செயலிழந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

== செயலிழப்பு ==

2014 சூலை 11 இல் ஹாம்சாட்டின் லித்தியம் அயனி மின்கலம் பழுதடைந்தது. இதையடுத்து இஸ்ரோ இதன் பணி முடிவுற்றதாக அறிவித்தது.

மின்கலம் பழுதானாலும் சூரியத் தகடுகள் இருக்கையில் ஒரு செயற்கைக்கோள் ஏன் இயங்காது என்ற ஐயம் எழலாம். விடை, பழுதின் தன்மையைப் பொறுத்தது. 1974 இல் ஏவப்பட்ட ஆஸ்கார் 7 இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் மின்கலம் 1981 இல் குறுக்குச் சுற்றாகி, தகடுகள் தரும் மின்னோட்டம் முழுவதையும் விழுங்கியதால் அது அமைதியானது. 2002 சூன் மாதம் அதே மின்கலத்தில் இணைப்பு தானாகவே அறுபட, தகடுகளின் மின்னோட்டம் மீண்டும் கருவிகளுக்குச் சென்றது. இருபத்தோராண்டு கழித்து ஆஸ்கார் 7 மீண்டும் ஒலித்ததை ஹாம்கள் தற்செயலாகக் கேட்டனர். அதன் பின் சூரிய ஒளி படும் வேளைகளில் மட்டும் அது இயங்கி வந்தது.

== பின்வந்தவை ==

ஹாம்சாட்டுக்குப் பின் பல இந்தியச் செயற்கைக்கோள்கள் அமெச்சூர் அதிர்வெண்களில் ஒலித்தன. தமிழகக் கல்வி நிறுவனங்களின் எஸ்.ஆர்.எம்.சாட் (2011 அக்டோபர் 12), சத்தியபாமாசாட் (2016 சூன் 22) ஆகியவை இவற்றுள் அடங்கும். இவை பெரும்பாலும் தம் நிலைத் தகவல்களைக் கீழே அனுப்பியவை. கேட்க மட்டுமே உதவின. 2018 திசம்பர் 3 இல் ஏவப்பட்ட எக்சீட்சாட்-1 (வி.ஓ-96), பேச்சை மறுபரப்பும் கருவியைக் கொண்டிருந்தது, ஆனால் அதில் ஒரே ஒரு பேச்சுத் தடமே இருந்தது. 2019 ஏப்ரல் 1 இல் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி-சி45 ஏவுகலத்தின் நான்காம் கட்டத்தில் ஆம்சாட் இந்தியாவின் குறுஞ்செய்தி மறுபரப்பி பொருத்தப்பட்டது. 2025 சூலையில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்த சுபான்சு சுக்லா, அமெச்சூர் வானொலி வழியே இந்திய மாணவர்களுடன் பேசினார். ஒரே வேளையில் பலர் தனித்தனியே உரையாட இடம் தந்த ஹாம்சாட்டின் 60 கிலோஹெர்ட்ஸ் கற்றையுடன் இவற்றை ஒப்பிட இயலாது.

2018 நவம்பர் 15 இல் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹைல்-2, ஹாம்களுக்கான கருவியைச் சுமந்த முதல் புவிநிலைச் செயற்கைக்கோள் ஆகும். ஹாம்கள் இதைக் கத்தார்-ஆஸ்கார் 100 என்பர். கிழக்கு நெட்டாங்கு 25.9 பாகையில் நிலையாக நிற்பதால் கடப்பு நேரம் பார்க்க வேண்டியதில்லை. பாச்சலூரிலிருந்து நோக்கினால் மேற்கில், சற்றே தெற்காக, ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் அது நிற்கும். அத்திசையிலுள்ள முகடு 30 பாகைக்குத் தாழ்வாக இருக்கும் முற்றங்களில், வீட்டுத் தொலைக்காட்சித் தட்டை ஒத்த சிறு தட்டைக் கொண்டு நாள் முழுதும் அதைக் கேட்கலாம்.